ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு எடை எப்படிக் குறையும், எங்கே போய் நிற்கும்?

கேள்வி இது: வயது 38, உயரம் 162 செ.மீ., எடை 118 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறீர்கள். சர்ஜன் ஸ்லீவ் (இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஆபரேஷன்) செய்துகொள்ளலாம் என்று சொல்லி, “60 சதவீதம் குறையும்” என்றிருக்கிறார். அப்படியானால் 47 கிலோவுக்கு வந்துவிடுவேனா, எத்தனை மாதம் ஆகும், பிறகு பழையபடி ஏறிவிடுமா?

முதலில் அந்த 60 என்ன என்று பார்த்துவிடுவோம். ஆபரேஷன் நன்றாக நடந்தும் “எனக்குச் சரியாக வேலை செய்யவில்லை” என்று பலர் மனம் உடைவது இந்த எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்வதால்தான். சர்ஜன் சொன்னது மொத்த எடையில் 60 சதவீதம் அல்ல, கூடுதல் எடையில் 60 சதவீதம். உங்கள் உயரத்துக்கு பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவு) 25 என்றால் எடை சுமார் 65.6 கிலோ. 118-இலிருந்து அதைக் கழித்தால் வரும் 52.4 கிலோதான் கூடுதல் எடை. அதில் 60 சதவீதம் 31.4 கிலோ. ஆக, நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது 86 அல்லது 87 கிலோ. மொத்த எடையில் பார்த்தால் இது சுமார் 27 சதவீதம். இரண்டும் ஒரே கணக்குதான், ஆனால் 60 என்ற எண் காதில் விழும்போது வேறு மாதிரி கேட்கிறது. இனி யார் சதவீதம் சொன்னாலும் “மொத்த எடையிலா, கூடுதல் எடையிலா?” என்று கேட்டுவிடுங்கள்.

86 கிலோவில் உங்கள் பிஎம்ஐ 33 அளவில் இருக்கும். அட்டவணைப்படி அப்போதும் உடல் பருமன்தான். ஆனாலும் மருத்துவக் கணக்கில் அது நல்ல வெற்றி. சர்க்கரை, ரத்த அழுத்தம், குறட்டையோடு வரும் மூச்சுத்திணறல், முட்டி வலி எல்லாம் அந்த 27 சதவீதத்திலேயே பெரிய அளவில் மாறிவிடுகின்றன. 65 கிலோவை மனதில் வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போகாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். ஸ்லீவில் மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம், பைபாஸில் (இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் ஆபரேஷன்) 30-ஐ ஒட்டி. இதுதான் சராசரி. சிலர் 40 சதவீதம் குறைகிறார்கள், சிலர் 15-இலேயே நின்றுவிடுகிறார்கள். தொடக்க எடை அதிகம் உள்ளவர்களுக்குக் கிலோ கணக்கில் அதிகம் இறங்கும். வயதானவர்களுக்கும், நீண்ட காலம் இன்சுலின் போட்டுக்கொண்டவர்களுக்கும் பொதுவாகக் கொஞ்சம் குறைவாக இறங்கும்.

ஸ்லீவில் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தை ஸ்டேப்ளரால் வெட்டி, ஏறக்குறைய முக்கால் பங்கை வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய், 100 முதல் 150 மி.லி. பிடிக்கும். கொள்ளளவு குறைவது பாதிக் கதைதான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. உணவு சிறுகுடலுக்கு வேகமாக இறங்குவதால் வயிறு நிறைந்த உணர்வைத் தரும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. அதனால்தான் முதல் சில மாதங்கள் பட்டினி கிடப்பது போல் தோன்றாது. சாப்பிட மறந்துபோகிறவர்களும் உண்டு. இந்தப் பசியின்மை நிரந்தரம் அல்ல. ஓராண்டை ஒட்டி பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். அது வருவதற்குள் புதிய சாப்பாட்டுப் பழக்கம் ஊறிப்போயிருக்க வேண்டும்.

இனி மாதக் கணக்கு. ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரிக்குள் மாவுச்சத்து குறைந்த உணவு கொடுப்பார்கள். எடை காட்டுவதற்காக அல்ல. கொழுப்பேறி வீங்கிய கல்லீரல் சுருங்கினால்தான் சர்ஜனுக்கு இரைப்பையின் மேல்பகுதி கண்ணுக்குத் தெரியும். இதிலேயே 3, 4 கிலோ போகலாம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து எடைபார்த்தால் ஒன்றிரண்டு கிலோ கூடியிருந்தாலும் பயப்பட வேண்டாம், அது ஏற்றிய டிரிப்ஸ். முதல் மாத முடிவில் உங்களைப் போன்றவருக்கு 9, 10 கிலோ இறங்கியிருக்கும். மூன்றாம் மாதத்தில் மொத்தம் 17, 18. ஆறாம் மாதத்தில் 25 பக்கம். ஓராண்டில் 30-ஐத் தொடும். கவனித்தால், முதல் ஆறு மாதத்தில் குறைந்த அளவுக்கு அடுத்த ஆறு மாதத்தில் குறைவதில்லை. முதல் மாதம் வாரம் இரண்டு கிலோ போனவர் எட்டாம் மாதத்தில் மாதத்துக்கே ஒரு கிலோதான் போகிறது என்று கவலைப்படுவார். அதுதான் இயல்பு. ஸ்லீவில் 12 முதல் 18 மாதத்திலும், பைபாஸில் 18 முதல் 24 மாதத்திலும் எடை அதன் அடிமட்டத்தைத் தொடுகிறது.

மூன்றாம் வாரத்தை ஒட்டி வரும் ஒரு தேக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், அதுதான் எல்லோரையும் கலங்கடிப்பது. ஆபரேஷன் ஆகி இருபது நாள், தினம் 500 கலோரிகூட உள்ளே போகவில்லை, ஆனால் பத்து நாளாகத் தராசு முள் அசையவில்லை! காரணம் தண்ணீர். உடல் கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு வைத்திருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். முதல் வாரங்களில் அது கரையும்போது தண்ணீரும் சேர்ந்து வெளியேறி எடை மளமளவென்று விழுகிறது. பிறகு கூழ் உணவு தொடங்கி மாவுச்சத்து கொஞ்சம் உள்ளே போனதும் சேமிப்பும் தண்ணீரும் ஓரளவு திரும்புகின்றன. உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கிறது, தராசு அதை மறைக்கிறது. ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை இது நீடிக்கலாம். இந்த நேரத்தில் சாப்பாட்டை இன்னும் குறைப்பதுதான் செய்யக்கூடாத தவறு. வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலைக்கடன் முடித்து, ஒரே தராசில் எடை பாருங்கள். மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவை டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். தராசு நிற்கும் வாரங்களில் டேப் பேசும்.

குறைவது எல்லாம் கொழுப்பு அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இழக்கும் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தசை போன்ற கொழுப்பல்லாத திசு. தசை போனால் உடல் ஓய்வில் எரிக்கும் கலோரியும் குறையும். பின்னால் எடை ஏறுவதற்கு அது ஒரு வழி. தசையைக் காப்பது இரண்டு விஷயம்: புரதமும் பாரம் தூக்கும் பயிற்சியும்.

புரதம் நாளுக்கு 60 முதல் 80 கிராம். நம் சாப்பாட்டில் இதை எட்டுவது லேசல்ல, குறிப்பாகச் சைவம் என்றால். இரண்டு முட்டையில் 12 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20, 100 கிராம் பனீரில் 18, ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7. ஒரு இட்லியில் 2 கிராம்தான். பருப்புத் தண்ணீர் சத்தானது என்று வீட்டில் பெரியவர்கள் ஊற்றிக்கொடுப்பார்கள். மேலே தெளிந்த தண்ணீரில் புரதம் கிட்டத்தட்ட இல்லை, அடியில் தங்கும் பருப்பில்தான் இருக்கிறது. அரிசிக் கஞ்சியும் அப்படித்தான். அதனால் முதல் இரண்டு மூன்று மாதம் மோரிலோ பாலிலோ கலக்கிய புரதப் பவுடர் இல்லாமல் கணக்கு நேராகாது. ஒரு ஸ்கூப்பில் 20 முதல் 25 கிராம் இருக்கும், டப்பாவின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள். சர்க்கரை சேர்த்தது வேண்டாம்.

உணவுப் படிகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை ஓரிரு நாள் மாறும். முதல் ஒன்றிரண்டு நாள் தெளிந்த நீர் மட்டும், 15 நிமிடத்துக்கு 30 மி.லி. வீதம். பிறகு இரண்டாம் வார முடிவுவரை மோர், பால், வடிகட்டிய சூப், காரமில்லாத ரசம். மூன்று, நான்காம் வாரம் மிக்ஸியில் அரைத்த பருப்பு, மசித்த முட்டை, தயிர். ஐந்து, ஆறாம் வாரம் விரலால் நசுக்கினால் நசுங்கும் உணவு. அதன் பிறகே வழக்கமான சாப்பாடு, அதுவும் கால் தட்டு. ஸ்டேப்ளர் போட்ட கோடு ஆறுவதற்கு வேண்டிய காலம் இது. மூன்றாம் வாரத்தில் “நன்றாகத்தானே இருக்கிறது” என்று ஒரு தோசையைப் பிய்த்துப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு வாந்தியும், சில நேரம் அதைவிட மோசமானதும் வரும். வழக்கமான சாப்பாட்டுக்கு வந்த பிறகும் சிக்கிக்கொள்கிற பட்டியலில் முதலிடம் குழைந்து உருண்டையாகும் சோறு, மெத்தென்ற பிரெட், பரோட்டா, காய்ந்த கோழித் துண்டு, முருங்கைக்காய், கீரைத் தண்டு.

தட்டில் முதலில் புரதம், அடுத்து காய், இடம் இருந்தால் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. முடித்து அரைமணி நேரம் கழித்துத்தான். சோற்றில் சாம்பாரையும் ரசத்தையும் தாராளமாக ஊற்றிப் பிசைவதும் தண்ணீர் குடிப்பதும் ஒன்றுதான். குழம்பாகக் கரைந்த உணவு குழாயில் தங்காமல் வழுக்கி இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வு வராது, ஒரு மணி நேரத்தில் பசிக்கும். கெட்டியாகச் சாப்பிடப் பழகுங்கள். நாள் முழுக்கச் சிறிது சிறிதாக ஒன்றரை லிட்டர் நீர் போக வேண்டும். முதல் மாதத்தில் மறுபடி மருத்துவமனையில் சேர்வதற்கு மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று வெறும் நீர்வறட்சி.

மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும். இதில் பேரம் கிடையாது. ஒரு முழுமையான மல்டிவிட்டமின். பி12 தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம் வாய்வழி, அல்லது மாதம் 1000 மைக்ரோகிராம் ஊசி. மாதவிலக்கு வரும் பெண்ணுக்கு இரும்பு 45 முதல் 60 மி.கி. கால்சியம் சிட்ரேட் நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி., ஒரே வேளையில் 600-க்கு மேல் உடல் ஏற்காது என்பதால் பிரித்து. விட்டமின் டி தினம் 3000 யூனிட்டில் தொடங்கி ரத்த அளவு மி.லி.க்கு 30 நானோகிராமைத் தாண்டும்வரை. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் இரும்பு வீண், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு காபி, டீயும் கூடாது. ரத்தப் பரிசோதனை 3, 6, 12-ஆம் மாதங்களில், பிறகு ஆண்டுதோறும்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பு), பி12, ஃபோலேட், விட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின். எடை குறைந்து ஆள் நன்றாக இருக்கும்போது இரண்டாம் ஆண்டில் மாத்திரையை நிறுத்துகிறார்கள். பி12 சேமிப்பு கல்லீரலில் சில ஆண்டு தாங்கும் என்பதால் பாதம் மரத்துப்போகும்போதுதான் தெரியவரும்.

பி1 என்ற தயமின் கதை வேறு, அதன் இருப்பு இரண்டு மூன்று வாரமே தாங்கும். ஆபரேஷனுக்குப் பிறகு தொடர்ந்து வாந்தி எடுக்கிறவருக்கு அது தீர்ந்து, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, பேச்சு குழறிக் குழப்பம் வரலாம். மூளைப் பாதிப்பு நிரந்தரமாகிவிடும் அபாயம் உண்டு. பக்கத்து கிளினிக்கில் “வாந்தியால் சோர்வு” என்று வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி நிலைமை மோசமாகும். தயமின் ஊசியை முதலில் போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ். வாந்தி இரண்டு மூன்று நாள் நீடித்தால் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். வேறு எங்கே போனாலும் “எனக்கு ஸ்லீவ் ஆகியிருக்கிறது, தயமின் போடுங்கள்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவையுங்கள்.

உங்களுக்குத் தனியாக ஒன்று: கிளிமிபிரைடு. எடை குறைவதற்கு முன்பே, முதல் நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கும். சாப்பாடும் குறைவு. பழைய அளவில் கிளிமிபிரைடு போட்டால் லோ சுகரில் மயங்கி விழ வாய்ப்பு அதிகம். பொதுவாக அதை நிறுத்திவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தால் கேள்வி கேளுங்கள். மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால் அதைப் பொடித்துப் போடக் கூடாது, சாதாரண வகைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் கட்டாயம். சர்க்கரை முழுமையாக மறைய வாய்ப்பு, நோய் வந்து சில ஆண்டுகளே ஆகி மாத்திரையோடு நிற்பவர்களுக்கு அதிகம், பத்தாண்டு தாண்டி இன்சுலினில் இருப்பவர்களுக்குக் குறைவு. மறைந்தாலும் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும், அது திரும்பக்கூடியது.

ஆபத்து அடையாளங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று வாரத்தில் ஓய்வில் இருக்கும்போதே நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள் வலி: தையல் கோட்டில் கசிவாக இருக்கலாம். நூற்றில் ஒருவருக்கு அல்லது இருவருக்கு நேர்வது, ஆனால் மணிக்கணக்கில் மோசமாகும். ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல்: ரத்தக்கட்டி. இவற்றுக்குக் காலைவரை காத்திருக்காதீர்கள். வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும், அதைத் தடுக்க அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம் 300 மி.கி. இருவேளை, ஆறு மாதம் தருவது வழக்கம். முடி மூன்றாம் மாதத்திலிருந்து கொத்தாகக் கொட்டும், பெரும்பாலும் ஓராண்டுக்குள் திரும்ப வளரும். பயோட்டினை நம்பிப் பணம் போடுவதைவிடப் புரதமும் ஃபெரிட்டினும் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

திரும்ப ஏறுமா? கொஞ்சம் ஏறும். இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. சுவீடனில் 1987-இல் தொடங்கி நீண்ட காலம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு ஆண்டில் மொத்த எடையில் சராசரி 32 சதவீதம் குறைந்தார்கள், பத்தாண்டில் அது 25-ஆக நின்றது. பின்லாந்தில் 240 பேரிடம் ஸ்லீவையும் பைபாஸையும் ஒப்பிட்ட ஆய்வில் பத்தாண்டு முடிவில் கூடுதல் எடையில் ஸ்லீவுக்கு 43.5, பைபாஸுக்கு 50.7 சதவீதம் குறைந்திருந்தது. உங்கள் கணக்கில் ஸ்லீவின் 43.5 என்பது 95 கிலோ. அதாவது 86-ஐத் தொட்டு, பத்தாண்டில் 95-இல் நிற்பது சராசரி வாழ்க்கை. அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். அடிமட்டத்திலிருந்து ஐந்தாறு கிலோ ஏறுவதை உடல் நிலைகொள்ளும் இடமாக ஏற்றுக்கொள்ளலாம். பத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

காரணம் பெரும்பாலும் “பை விரிந்துவிட்டது” என்பதல்ல. மிக்ஸர், முறுக்கு, பிஸ்கட், ஐஸ்கிரீம், சர்க்கரை போட்ட காபி ஆகியவை வாயிலேயே கரைந்து தடையில்லாமல் இறங்குபவை. கால் தட்டுச் சோற்றில் வயிறு நிறைகிறவரால் ஒரு பாக்கெட் மிக்ஸரை மாலை முழுக்கக் கொறிக்க முடியும். மது இன்னும் மோசம்: போதை வேகமாக ஏறும், கலோரியும் கூடும், பைபாஸ் செய்தவர்களிடம் இரண்டாம் ஆண்டிலிருந்து குடிப்பழக்கம் கூடுவது ஆய்வுகளில் பதிவான ஒன்று. தூக்கமின்மை, சில மனநல மாத்திரைகள், ஸ்டீராய்டு, தைராய்டு குறைபாடு இவையும் காரணமாகலாம். இவற்றைச் சரிசெய்தும் இறங்காவிட்டால் செமாகுளுடைடு, டிர்செபடைடு போன்ற ஊசி மருந்துகளைச் சேர்க்கலாம். எண்டோஸ்கோபியில் குழாயைப் பார்த்துவிட்டு ஸ்லீவைப் பைபாஸாக மாற்றவும் செய்யலாம். ஏறத் தொடங்கியதும் வெட்கப்பட்டு ஃபாலோ-அப்பை விட்டுவிடுகிறவர்கள்தான் உண்மையில் நஷ்டப்படுகிறார்கள். 5 கிலோ ஏறியபோது போனால் வேலை சுலபம், 20 ஏறிய பிறகு கடினம்.

உங்களுக்கு ஏற்கனவே நெஞ்செரிச்சல் அதிகம் என்றால் ஸ்லீவ்தானா என்று மறுபடி பேசுங்கள். ஸ்லீவில் குழாய்க்குள் அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலேறுவது பலருக்கு மோசமாகிறது, பைபாஸில் பெரும்பாலும் அடங்குகிறது. ஆனால் பைபாஸுக்கு அதன் விலை உண்டு: சத்துக் குறைபாடு கூடுதல், புகைபிடித்தாலோ டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரை போட்டாலோ இணைப்பில் புண், ஆண்டுகள் கழித்தும் குடல் உட்பிதுக்கம் (குடல் வயிற்றுக்குள்ளேயே ஒரு இடுக்கில் சிக்குவது). பைபாஸ் ஆனவருக்கு வயிறு திடீரென்று முறுக்கி வலித்தால் ஸ்கேன் சென்டரில் சாதாரண அல்ட்ராசவுண்ட் எடுத்து “ஒன்றுமில்லை” என்று சொன்னதோடு நிற்கக் கூடாது, சிடி ஸ்கேன் வேண்டும்.

38 வயதில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இதையும் கேளுங்கள்: எடை குறையத் தொடங்கிய சில மாதங்களிலேயே கருத்தரிக்கும் வாய்ப்பு கூடிவிடும், பிசிஓடி இருந்தவர்களுக்குத் திடீரென்று தங்கிவிடும். ஆனால் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும், அந்தக் காலத்தில் உடலே பட்டினி நிலையில் இருக்கிறது. அதற்கான கருத்தடை முறையை ஆபரேஷனுக்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடம் முடிவுசெய்யுங்கள்.

வயிறு, தொடை, மேல்கையில் தோல் தொங்கும். 30 கிலோ குறைந்த உடலில் அதை எந்தக் க்ரீமும் எந்தப் பயிற்சியும் முழுதாகச் சுருக்காது. வேண்டுமென்றால் தோலை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் உண்டு. எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நின்ற பிறகு, அதாவது பொதுவாக ஒன்றரை ஆண்டு தாண்டி, அதைப் பற்றிப் பேசலாம். பெரும்பாலும் காப்பீட்டில் வராது, செலவை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் சர்ஜனிடம் கேட்க வேண்டியவை: உங்களிடம் ஸ்லீவ் செய்தவர்கள் ஐந்தாண்டு கழித்து மொத்த எடையில் எத்தனை சதவீதம் குறைந்து நிற்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னும் பரிசோதனைக்கு வருகிறார்கள், உணவு ஆலோசகர் ஆபரேஷனுக்குப் பிறகும் இருப்பாரா அல்லது பேக்கேஜ் ஒரு மாதத்தோடு முடிகிறதா, நள்ளிரவில் வாந்தியோ வயிற்று வலியோ வந்தால் எந்த எண்ணில் யார் எடுப்பார்கள். ஓராண்டு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கு மழுப்பினால் இன்னொரு சர்ஜனைப் பாருங்கள்.